அமர்வைத் தொடங்குக

பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரப் பயணம்தான். இரண்டு ஊருக்கும் கடிகாரமும் ஒன்றே. ஆனாலும் பக்கவாதத்தில் அம்மாவின் வலக்கை விழுந்துபோன பிறகு, நான் விடுப்பெடுத்து ஈசூன் வீட்டுக்கு வந்து சேர மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. அதற்குள் மருத்துவமனை வாசம் முடிந்து, மறுவாழ்வுச் சிகிச்சை வீட்டுக் கூடத்திற்கே வந்திருந்தது: இரவலாகத் தந்த ஒரு கைக்கணினி, கையில் கட்டிக்கொள்ளும் இரண்டு உணர்கருவிகள், வாரம் ஒருமுறை திரையில் தோன்றும் இயன்முறைச் சிகிச்சையாளர். மூன்று வாரம் அருகிலிருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முறையில் எனக்குக் குறை இல்லை. பக்கவாதத்திலிருந்து மீளும் 124 பேரைக் கொண்டு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி, 2021இல் இதழில் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்தே தொலைவழிப் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடச் செயல்பாடு, அவர்களே சொன்னபடி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதற்கு இணையாகவே தேறியிருந்தது. 2017இலேயே இங்கே பொது மருத்துவமனைகளை ஒட்டி இத்தகைய சேவை தொடங்கிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது வேறோர் அமைப்பு. அதன் பெயர் வேண்டாம். சக்கர நாற்காலியை டாக்சியில் ஏற்றி இறக்கி, இருபது நிமிடச் சிகிச்சைக்காக அரை நாளைத் தொலைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு, வீட்டுக் கூடத்திலேயே சிகிச்சை என்பது எத்தனை பெரிய நிம்மதி என்று தெரியும்.

சிக்கல் சிகிச்சையாளரின் முகம் திரையில் வருவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் இருந்தது. உள்நுழைய ஓடிபி வேண்டும். அது அம்மாவின் கைப்பேசிக்கு வரும். அந்தக் கைப்பேசியோ வலக்கைப் பெருவிரல் ரேகைக்குத்தான் திறக்கும். பணிப்பெண் அந்த உயிரற்ற பெருவிரலைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்து, வியர்வையைத் துடைத்து, மீண்டும் வைத்து, எண்ணைப் படித்துக் கைக்கணினியில் தட்டுவதற்குள் எண் காலாவதியாகிவிடும். கை செயலிழந்தவர்களுக்கென்றே செய்த அமைப்பின் வாசலில் கையைக் கேட்டு நிற்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு அது பழகிவிட்டிருந்தது.

தமிழ் இருந்தது, ஆனால் முதல் பக்கத்தில் மட்டும். அங்கே ‘அமர்வைத் தொடங்குக’ என்ற பச்சைப் பொத்தானை நான் வந்த மறுநாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டியதும், நின்றுகொண்டிருந்த அம்மா மெதுவாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். “உட்காரத்தானே சொல்றான்?” என்றார். ‘பயிற்சியைத் தொடங்கு’ என்று போட்டிருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தவர் ஒரு பாட்டியை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் போதும். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எல்லாம் ஆங்கிலம். கேமராவில் உடல் முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் போகச் சொல்லும் குரலும் ஆங்கிலம். அந்த மூன்றறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பின்னால் போக இருப்பது நான்கு அடி, அதற்கப்பால் சாமி அலமாரி.

உணர்கருவிகளின் கதை இன்னும் சுவையானது. ஒன்று மேற்கைக்கு, மற்றொன்று மணிக்கட்டுக்கு. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எது எங்கே என்பதை அடியில் எறும்பளவு எழுத்தில் பொறித்திருந்தார்கள். இடம் மாறினால் கை எவ்வளவு உயர்ந்தாலும் திரையில் கணக்கு ஏறாது. மியன்மாரிலிருந்து வந்த அந்தப் பணிப்பெண் முதல் வாரமே அம்மாவின் கண்ணாடி ஓரத்திலிருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து மேற்கைக் கருவியில் ஒட்டிவிட்டாள். அதன்பின் தவறே நேரவில்லையாம்.

இரண்டாம் வாரக் கடைசியில், அமைப்பைப் பயன்படுத்துவது எளிதாக உள்ளதா என்று மதிப்பிடும் படிவம் வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. 1986இல் ஜான் புரூக் வகுத்த பத்துக் கூற்றுகளின் அளவுகோல் அது. நூற்றுக்கு 68 சராசரி என்பது வழக்கமான கணக்கு. என் வேலையில் நாங்களும் மென்பொருள்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். தொழில்நுட்பம் அறிந்த ஒருவரின் உதவி தேவைப்படுமா என்ற நான்காம் கூற்றை மொழிபெயர்த்துக் கேட்டேன். “உதவி எதுக்கு? அதான் இந்தப் பிள்ளை இருக்கே” என்றார் அம்மா, பணிப்பெண்ணைக் காட்டி. தேவையில்லை என்றே குறித்தேன். கூட்டிப் பார்த்ததில் 82.5 வந்தது. ரேகை வைத்ததும், எண் தட்டியதும், ஆங்கிலக் குரலைச் சைகையாக்கியதும், அம்மா பின்னால் நகரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் அந்த எண்ணில் எங்கும் இல்லை. அந்தப் படிவம் அவள் கைக்குப் போகவும் இல்லை. கருத்து எழுதும் கட்டத்தில் நான் இதைத் தனியாக எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்துத் தானியங்கிப் பதில் வந்தது.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சிகிச்சைத் தவணை முடிந்து, பெட்டியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. கருவிகளைத் துடைத்து அடுக்கும்போது பணிப்பெண் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டப் போனாள். அம்மா இடக்கையை நீட்டித் தடுத்தார்.

“இருக்கட்டும் விடு. அடுத்து வாங்கிக்கிற கிழவிக்கு ஆகும்.”