பி205, குரு டோகா, டெல்கார்டு, கிராஃப்கியர் 500: உங்கள் கைக்கு எது?

மெக்கானிக்கல் பென்சில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது நிறத்தையும் பிடியையும்தான். அதற்கு முன்னால், நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு பக்கத்தை எடுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்பட்டால் உங்களுக்கு அழுத்தக் கை. தாள் வழவழவென்றே இருந்தால் லேசான கை. இதைத் தெரிந்துகொண்டாலே, நான் ஒப்பிடப்போகும் நான்கு பென்சில்களில் இரண்டு கழிந்துவிடும்.

அந்த நான்கு: பென்டெல் பி205, யூனி குரு டோகாவின் சாதாரண மாடல், ஸீப்ரா டெல்கார்டு, பென்டெல் கிராஃப்கியர் 500. நான்குமே ஜப்பானிய நிறுவனங்களின் பென்சில்கள். தொலைந்துபோனால் மனசு கஷ்டப்படும், ஆனால் திரும்ப வாங்கிவிடலாம் என்கிற அளவு விலை. ராட்ரிங் 600 மாதிரியான முழு உலோகப் பென்சில்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கிற கூடுதல் பணத்தின் அளவுக்குக் கையெழுத்து மேம்படுவதில்லை.

பென்சிலுக்குப் போகும் முன், உள்ளே போடும் எழுதுகுச்சியான லெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1822-லேயே இங்கிலாந்தில் சாம்ப்சன் மோர்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் லெட்டை முன்னே தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனாலும் அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் லெட் தடிமனாகவே இருந்தது. மரப் பென்சிலில் இருப்பது கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்ட குச்சி. அதை அரை மில்லிமீட்டருக்கு இழைத்தால் எழுதும்போதே நொறுங்கிவிடும். 1960-இல் பென்டெல், களிமண்ணுக்குப் பதிலாகப் பிசின் சேர்த்துச் செய்த லெட்டைக் கொண்டுவந்தது. இன்று நாம் சாதாரணமாக வாங்கும் 0.5 லெட்டுக்கு வழி அப்போதுதான் பிறந்தது. ஆக, மெல்லிய லெட் உடையாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் லெட்டின் தரம்தான். பென்சிலோடு வரும் ஏதோ ஒரு லெட் பொடிப்பொடியாக உடைகிறது என்பதற்காகப் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் நல்ல லெட் ஒரு டப்பா வாங்கிப் போட்டுப் பாருங்கள். பென்டெல் ஐன், யூனி நானோ டயா இரண்டுமே நம்பி வாங்கலாம்.

லெட்டின் தடிமனும் அதே அளவு முக்கியம். ஒரு குச்சி வளைந்து உடையாமல் தாங்கும் வலு, அதன் விட்டத்தின் முப்படியாக ஏறும். 0.5 என்று எழுதியிருக்கும் லெட் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் தடிமனானது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் 0.7 லெட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும். அப்புறம் கடினத்தன்மை. அழுத்தி எழுதும் பலர் அழுத்துவது பழக்கத்தால் அல்ல, எழுத்து வெளிறித் தெரிகிறதே என்பதால். எச்பியை விட்டு அதைவிட மென்மையான பி அல்லது 2பிக்கு மாறினால் லேசாகத் தொட்டாலே கருப்பாக விழும், கையும் தானாகத் தளரும். லெட் சீக்கிரம் தேயும், கை பட்டால் கொஞ்சம் ஈஷும். அந்த நஷ்டத்தை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, பென்சில்கள்.

பி205-ஐக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடையின்மை. 10 கிராம்கூட இல்லை. உடல் முழுக்கப் பிளாஸ்டிக், பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை எதுவும் கிடையாது, பிளாஸ்டிக்கிலேயே வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். 1970களிலிருந்து பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது. பார்க்க ஒரு வசீகரமும் இல்லை. ஆனால் முனையிலிருக்கும் 4 மில்லிமீட்டர் உலோகக் குழாயும், உள்ளே லெட்டைக் கவ்விப் பிடிக்கும் பிளந்த பற்களும்தான் ஒரு பென்சிலின் உயிர். இரண்டையும் இதில் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். எழுதும்போது முனை ஆடாது. லெட் உள்ளே நழுவாது. குழாய் நீளமாக இருப்பதால் ஸ்கேல் ஓரமாகக் கோடு இழுக்கவும் வசதி, எழுதுகிற இடமும் கண்ணுக்கு மறையாது.

இதன் குறை பிடியில்தான். மூன்று மணி நேரம் விடாமல் எழுதினால் நடுவிரலின் பக்கவாட்டில் அந்த வரிகள் பதிந்துவிடும். மேல் மூடிக்குள் இருக்கும் ரப்பர் பெயருக்குத்தான், தனி ரப்பர் வைத்துக்கொள்வது நல்லது. இதே வரிசையில் 0.3-க்கு பி203, 0.7-க்கு பி207, 0.9-க்கு பி209 என்று இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

குரு டோகா 2008-இல் வந்தபோது தீர்க்க வந்த பிரச்சினை வேறு. சாய்த்துப் பிடித்து எழுதுவதால் லெட்டின் ஒரு பக்கம் மட்டும் உளிபோலத் தேய்கிறது. வரி ஆரம்பத்தில் மெல்லியதாக இருந்த எழுத்து, நாலு வரி தாண்டினால் தடித்துவிடுகிறது. பி205-இல் எழுதும்போது இரண்டு வரிக்கு ஒருமுறை பென்சிலை விரலாலேயே கொஞ்சம் உருட்டிக்கொள்வேன். அந்த உருட்டலைத்தான் குரு டோகாவுக்குள் இருக்கும் பற்சக்கரம் தானாகச் செய்கிறது. தாளில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் லெட் 9 பாகை திரும்பும். 40 முறை வைத்து எடுத்தால் ஒரு முழுச் சுற்று. உடலில் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி வழியாக அந்தச் சக்கரம் நகர்வதைப் பார்க்கலாம். முதல் நாள் எழுதுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் இது எவ்வளவு வேலை செய்யும் என்பது நீங்கள் எழுதும் மொழியையும் பொறுத்தது. ஜப்பானிய எழுத்தில் ஒரே எழுத்துக்குப் பத்துக் கோடு போடுவது சாதாரணம், பத்து முறை கை எழும்பும், சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதுகிறவருக்கு ஒரு முழுச் சொல்லுக்கே ஒருமுறைதான் கை எழும்பலாம், லெட் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். தமிழ் இரண்டுக்கும் நடுவே. ‘கண்ணன்’ என்று எழுதிப் பாருங்கள். நான்கு எழுத்து, இரண்டு புள்ளி, குறைந்தது 6 முறை பென்சில் தாளைத் தொடுகிறது. 54 பாகை திரும்பிவிட்டது, ஏழு சொல்லுக்குள் முழுச் சுற்று. ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் இங்கே லெட்டைத் திருப்பிவிடுகிறது! ‘ண’ போல நீளமாகச் சுழித்து எழுதும் எழுத்துகளில் மட்டும், சுழி முடியும்வரை ஒரே பக்கம்தான் தேயும். மொத்தத்தில், பொடி எழுத்தில் குறிப்பெடுக்கும் தமிழ்க் கைக்கு குரு டோகா நன்றாகவே பொருந்துகிறது. ஒரு பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே தடிமனில் இருப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் சலிக்கவில்லை. இதன் அட்வான்ஸ் மாடல் ஒரு தொடுகைக்கு இரண்டு மடங்கு திரும்பும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை முனையின் உறுதி. சக்கரம் நகர வேண்டுமென்றால் லெட் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை மேலே போய்க் கீழே வரவேண்டும். அந்த அசைவு விரலுக்குத் தெரியும். பி205-இல் பழகியவர்களுக்கு முனை மெத்தைமேல் நிற்பதுபோல இருக்கும். நுணுக்கமாகப் படம் வரைகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அதைவிட முக்கியம், சக்கரத்தை நகர்த்த ஓரளவு அழுத்தம் வேண்டும். ரொம்ப லேசான கை என்றால் அது நகராமலே இருக்கும், பணம் கொடுத்து வாங்கிய வசதி உள்ளேயே தூங்கும்.

டெல்கார்டு 2014-இல் வந்தது, லெட் உடைவதைத் தடுப்பதே அதன் வேலை. நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லெட்டை உள்வாங்கிக்கொள்கிறது. சாய்த்து அழுத்தினால் முனையின் உலோகப் பகுதி வெளியே நீண்டு வந்து லெட்டை மூடிவிடுகிறது. வேண்டுமென்றே உடைக்கப் பார்த்தால்கூடப் பென்சில் நழுவிக்கொண்டே போகும். பரபரப்பில் அழுத்தி எழுதும் பிள்ளைகளுக்கு இது நிஜமான உபகாரம். லேசான கைக்காரர்களுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை, அந்த ஸ்பிரிங் வேலை செய்யும் சந்தர்ப்பமே அவர்களுக்கு வராது.

கிராஃப்கியர் 500 பி205-இன் பெரியப்பா பையன் மாதிரி. அதே 4 மில்லிமீட்டர் குழாய்தான், ஆனால் பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பான உலோகம். எடை முன்பக்கமாக இறங்குவதால், முனை தாளில் தானாகப் போய் உட்காரும். அழுத்தவே தேவையில்லை. வரைபடம் போடுகிறவர்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமே இல்லை. வியர்க்கும் கைக்கு அந்தச் சொரசொரப்பு நல்ல பிடிமானம் தரும், மென்மையான விரலுக்கு உறுத்தும்.

இந்த முன்பக்க எடையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. என்னிடம் இதே அமைப்பில் ஒரு பென்சில் இருந்தது, எந்த நிறுவனம் என்பது இங்கே அவசியமில்லை. மேசையிலிருந்து உருண்டு விழுந்தது, விழுந்தது முனை கீழாக. எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றியது. எழுத ஆரம்பித்தால் லெட் வெளியே வரும்போதே துண்டாகியிருந்தது. மூன்று லெட் வீணான பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுழற்றினேன். நுனி ஒரு மயிரிழை வளைந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், இன்னும் நசுங்கியது. அத்தோடு அந்தப் பென்சிலின் கதை முடிந்தது. குழாய் உள்ளே போகாத எந்தப் பென்சிலுக்கும் இது நேரலாம், பி205-ம் விதிவிலக்கல்ல. ஆனால் இலேசானது விழும் வாக்கு வேறு, கனமான முன்பக்கம் தரையைத் தேடிப் போய்க் குத்துகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் குழாய் உள்ளே போகும் கிராஃப்கியர் 1000 பக்கம் போவது நல்லது, துணியிலும் குத்தாது.

என் தீர்ப்பு இதுதான். லேசான கை என்றால் பி205-ஐ வாங்குங்கள், 2பி லெட் போடுங்கள், தேடலை நிறுத்திவிடுங்கள். வரைவதுதான் முக்கிய வேலை, கையில் கனம் வேண்டும் என்றால் மட்டும் கிராஃப்கியர் 500. நடுத்தரமாக அழுத்துகிற, பொடியாக எழுதுகிறவர்களுக்கு குரு டோகா. அழுத்தக் கைக்காரர்கள் நேரே டெல்கார்டுக்குப் போவார்கள் என்று தெரியும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஒருமுறை பி207-ஐ பி லெட்டோடு முயன்று பாருங்கள். தடித்த லெட்டே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும், முனை ஆடாத சுகமும் கூட வரும்.

எதை வாங்கினாலும் உள்ளே இரண்டு, மூன்று லெட்டுக்கு மேல் போட்டு அடைக்காதீர்கள். நெருக்கியடித்தால் ஒன்றுமே இறங்காது. 60 மில்லிமீட்டர் லெட்டில் கடைசி ஒரு சென்டிமீட்டர் அளவு வந்ததும் அது பற்களின் பிடியைத் தாண்டிவிடும், எழுதினால் சுழலும், கவிழ்த்தால் விழுந்துவிடும். பென்சில் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த லெட் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்வரை கிளிக் செய்யுங்கள், அந்தத் துண்டும் கொஞ்ச தூரம் எழுதும்.

கடையில் கையில் வாங்கியதும் இரண்டு கிளிக் கொடுத்து, லெட்டைத் தாளில் செங்குத்தாக நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள். டெல்கார்டிலும் குரு டோகாவிலும் கொஞ்சம் உள்வாங்கும், அது அவற்றின் இயல்பு. மற்ற இரண்டில் லெட் உள்ளே நழுவினால் பற்களின் பிடி சரியில்லை, அதே மாடலில் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.