மவுசர் 98-க்கு ஸ்கோப்புக்கு அடியில் அடங்கும் சேஃப்டி லீவர்: நல்ல பாகம், ஆனால் அப்படியே மாட்டக் கூடாது

மவுசர் 98 என்ற போல்ட்-ஆக்ஷன் ரைஃபிளின் பழைய சேஃப்டி லீவர் (தவறி வெடிக்காமல் தடுக்கும் நெம்புகோல்) உறுதியானது. அது ட்ரிக்கரை அல்ல, தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் பின்முனையில் இருக்கும் காக்கிங் பீஸையே பிடித்து நிறுத்துகிறது. ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தினால்தான் சிக்கல். இடமிருந்து வலமாக 180 டிகிரி சுற்றும், இறக்கை போன்ற அந்த லீவர், நடுவில் நிமிரும்போது ஸ்கோப்பின் பின்முனையில் இடிக்கும். இரண்டு நிலை கொண்ட தாழ்வான லீவர் இதற்கு மலிவான தீர்வு. ஷ்ரவுடை (போல்ட்டின் பின்முனையில் திருகியிருக்கும் உறை) மாற்ற வேண்டாம், துப்பாக்கியின் மரக்கட்டையைக் குடைய வேண்டாம்.

மாற்றுவது எளிது. துப்பாக்கி காலி என்று பார்த்து உறுதிசெய்துவிட்டு, பழைய லீவரை நிமிர்த்தி போல்ட்டை வெளியே எடுத்து, ஷ்ரவுடைத் திருகிக் கழற்றுங்கள். ஃபயரிங் பின் முனையை ஒரு மரத்துண்டில் ஊன்றி ஷ்ரவுடைக் கீழே அழுத்தி, காக்கிங் பீஸைக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். ஸ்பிரிங் வலுவானது, பிடி நழுவக் கூடாது.

பொருத்தம் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. புது லீவர் பெரும்பாலும் முழுதாகச் சுற்றாது. அதன் கேம் முகத்தில் (காக்கிங் பீஸைத் தள்ளும் பரப்பு) மார்க்கர் மை பூசிச் சுற்றிப் பாருங்கள். மை அழியும் இடத்தை மட்டும் நைஸ் கல்லால் நான்கைந்து இழுப்பு தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். காக்கிங் பீஸில் கை வைக்கவே வேண்டாம்.

சேஃப்டி போடும்போது காக்கிங் பீஸ் மயிரிழையாவது பின்னுக்கு நகர வேண்டும். கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நகராவிட்டால், சேஃப்டியில் இருக்கும்போது ட்ரிக்கரை அழுத்தியதும் சியர் (காக்கிங் பீஸைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) கீழே இறங்கும். மறுபடி மேலே ஏற அதற்கு இடமிருக்காது. அப்புறம் சேஃப்டியை எடுத்த நொடியே, விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கும். கேமை அளவுக்கு மீறித் தேய்த்தால் வருகிற கேடு இது. அந்த லீவரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

சோதனையைக் காலித் துப்பாக்கியில் செய்யுங்கள். சேஃப்டி போட்டு, ட்ரிக்கரை பலமாக அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுங்கள். ஃபயரிங் பின் விழக் கூடாது. இருபது தடவையாவது பாருங்கள், ரப்பர் சுத்தியலால் துப்பாக்கிக் கட்டையின் அடியில் தட்டியும் பாருங்கள். பின்னாளில் ட்ரிக்கரை மாற்றினால் சியரின் இடம் மாறும். பொருத்தத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. பழைய லீவரின் நடு நிலையில் ஃபயரிங் பின் பூட்டியபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். இரண்டு நிலை லீவர் பெரும்பாலும் போல்ட்டையும் சேர்த்துப் பூட்டும். அதனால் தோட்டாவை எடுக்க சேஃப்டியை விலக்கித்தான் ஆக வேண்டும். போல்ட்டைப் பிரிக்கும் வசதியும் போகிறது. அடிக்கடி தோட்டாவை ஏற்றி இறக்குபவர்கள், செலவானாலும், ஷ்ரவுடோடு வரும் மூன்று நிலை சேஃப்டிக்கே போவது நல்லது.