லோச் மீனின் விசித்திர நீச்சலும் ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்டும்

தொட்டியில் வளர்க்கும் லோச் மீன்களில் ஒன்றான க்ளௌன் லோச் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தால் பதற வேண்டாம், அது ஓய்வெடுக்கும் விதமே அப்படித்தான். செவுள் சீராக அசைந்து, இரை போட்டதும் எழுந்து வந்தால் போதும். வெதர் லோச் எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவதும் இயல்பு. விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் மீன் அது, நம் அயிரைக்குச் சொந்தம்.

கவனிக்க வேண்டியவை வேறு. கூட்டம் முழுக்கக் கண்ணாடியை ஒட்டி ஓயாமல் ஏறி இறங்குவது, திரும்பத் திரும்ப மேலே பாய்வது, மணலில் உடம்பைத் தேய்த்துவிட்டுத் தெறித்து ஓடுவது. புதிதாக விட்ட மீனும் துணையில்லாத மீனும்கூடக் கண்ணாடியை உரசி அலையும். பயமா, தண்ணீரா என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதற்குத்தான் தண்ணீரைச் சோதிக்கும் இந்த ஏபிஐ நிறுவன கிட்.

பெட்டியில் 7 மருந்து பாட்டில், 4 கண்ணாடிக் குழாய், ஒரு வண்ண அட்டை. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றைப் பார்க்கலாம். லோச் விஷயத்தில் முதலில் எடுக்க வேண்டியது நைட்ரைட். 5 மில்லி தொட்டித் தண்ணீரில் நைட்ரைட் பாட்டிலிலிருந்து 5 சொட்டு விட்டு, மூடிபோட்டுக் குலுக்கி, 5 நிமிடம் காத்திருங்கள். வெளிர் நீலமாகவே நின்றால் பூஜ்யம். ஊதா ஏறினால் மீனின் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியவில்லை, அதனால்தான் மேலே பாய்கிறது. உடனே குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றி, ஒரு நாள் இரையை நிறுத்துங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசியிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான், கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா செத்திருக்கும்.

அம்மோனியாவுக்கு அதற்கான இரண்டு பாட்டிலிலிருந்தும் 8 சொட்டு வீதம். மஞ்சள் என்றால் நலம், பச்சை என்றால் சிக்கல். இங்கே பிஎச்சையும் சேர்த்தே படிக்க வேண்டும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அது சுமார் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிஎச் ஏறிய போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அம்மோனியாவைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. அம்மோனியாவைக் கட்டிவைக்கும் கண்டிஷனர் ஊற்றியிருந்தாலும் கிட் மொத்த அளவையே காட்டும். பச்சையைப் பார்த்துவிட்டு இன்னும் கண்டிஷனர் ஊற்றாதீர்கள்.

பலர் தவறுவது நைட்ரேட்டில். நைட்ரேட்டுக்கான இரண்டு பாட்டிலில் இரண்டாவதன் மருந்து அடியில் கட்டிப்போகும். பாட்டிலை 30 விநாடி நன்றாக ஆட்டாமல் சொட்டு விட்டால், நைட்ரேட் நிறைந்த தண்ணீரும் மஞ்சளாகவே நின்று ஏமாற்றும். சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். எந்தப் பாட்டிலையும் சாய்க்காமல் நேர்க்குத்தாகக் கவிழ்த்துப் பிடியுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியில் பாருங்கள். அப்படியும் அம்மோனியாவில் 0-வையும் 0.25-ஐயும் பிரித்தறிவது கஷ்டம், இந்த கிட்டின் பெரிய குறை அதுதான். சந்தேகம் வந்தால் கேன் தண்ணீரை இன்னொரு குழாயில் சோதித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வாங்கும்போது பாட்டிலின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) பாருங்கள். கடைசி நாலு இலக்கம் தயாரித்த மாதமும் ஆண்டும். கடையில் கிடந்து பழசான பெட்டி வேண்டாம். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் அட்டையை விட விலை கூடுதல்தான், ஆனால் 800-க்கு மேற்பட்ட சோதனை வரும் என்பதால் ஒரு சோதனைக்கு ஆகும் செலவு குறைவு.

தண்ணீரின் கடினத்தன்மையும் கரைந்த ஆக்சிஜனும் இதில் தெரியாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டியும் மீன் விடியற்காலையில் மட்டும் மேலே பாய்கிறதென்றால், ராத்திரி ஏர் பம்ப்பை நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். செடி நிறைந்த தொட்டியில் இருட்டியதும் செடியும் ஆக்சிஜனை இழுக்கும். இரண்டு இரவு பம்ப்பை ஓடவிட்டு, விளக்குப் போடும் முன் மீனைக் கவனியுங்கள்.