கரும்பு யானைக்கு எதிர்த் தூண்

பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கையில் மஞ்சள் பையுடன், மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தின் வாசலில் நின்றேன். பைக்குள் ஒரு சிவப்பு வெல்வெட் சட்டை இருந்தது. 1991-ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சியபோது அப்பா அணிந்த சட்டை அது. இந்த ஆண்டு அதே நேர்த்திக்கடனை அண்ணன் மகன் ஏற்றிருக்கிறான். அவனுக்கும் அப்படியே ஒரு சட்டை, முழங்கால் வரைக்கும் ஒரு கால்சட்டை, இடுப்புக்குக் கச்சை, தலைக்கு உருமால் தைத்துவிட வேண்டும் என்பதுதான் அம்மா எனக்கு இட்ட ஒரே வேலை. அழகர் உடைக்கு எங்கே போவது என்று மதுரையில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நானும் கேட்காமல் வந்து நின்றேன். மண்டபத்துக்குள் ஒரு தையல் இயந்திரம்கூட இல்லை.

கடைகள் வெளியேறிய பிறகு நான் ஊருக்குப் போனது இதுவே முதல் முறை. 1999-இல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நாள் முதல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்போதெல்லாம், இந்த மண்டபத்துக்குள் ஒரு சுற்று வராமல் நான் திரும்பியதில்லை. வாசலில் பித்தளைப் பாத்திரமும் வளையலும் விற்கும் கடைகளைத் தாண்டி உள்ளே கால் வைத்தால், வெயிலில் வந்த உடம்புக்குக் கல்லின் குளிர்ச்சி முதலில் தெரியும். அடுத்து, வரிசையாக ஓடும் மிதி இயந்திரங்களின் சத்தம், காஜா எடுப்பவரின் கையில் ஏறி இறங்கும் ஊசி, திருமலை நாயக்கரின் சிலைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்த பாவாடைத் துணிகள், காளியின் காலடியில் தொங்கும் இஞ்சி டேப்பு. உள்பாவாடையா, தலையணை உறையா, பள்ளிச் சீருடையா, எதைக் கொடுத்தாலும் கோவிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் தைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்த மண்டபத்தை நான் முழுதாகப் பார்த்தது இம்முறைதான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அம்மனுக்கும் சொக்கருக்கும் வசந்த விழா நடத்துவதற்காகக் கட்டிய மண்டபம் அது. 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். துணிக் கட்டும் மரப்பெட்டியும் மறைத்திருந்த இடங்களிலெல்லாம் கல் கண்ணில் பட்டது. கயிலையைத் தூக்கும் இராவணனை வெளியில் நின்றபடியே பார்க்க முடிந்தது. பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த திருவிளையாடல் ஒரு தூணில் இருப்பதாக அப்பா சொல்வார். அந்தத் தூணுக்கு அருகே ஒரு பாத்திரக் கடைக்காரரின் முதுகைத்தான் நான் அதுவரை பார்த்திருக்கிறேன். மண்டபத்தைக் காலி செய்தது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோவிலுக்குள்ளே வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, கடைகளோடு கல்தூண்களும் வெடித்துச் சாய்ந்த படங்களைச் சிங்கப்பூரில் விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். துணியும் நூலும் மின்கம்பியும் நிறைந்த ஒரு மண்டபத்தில் அடுத்த பொறி விழுந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

என் ஆற்றாமை வேறு. கடைக்காரர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லும் ஒரு பலகை அங்கே என் கண்ணில் படவில்லை. மண்டபத்தை இருமுறை சுற்றினேன். ராய கோபுரம் வரை போய்த் திரும்பினேன். பூ விற்ற அம்மா, "எல்லாரும் சத்திரத்துக்குப் போயிட்டாக" என்றார். எந்தச் சத்திரம் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளுக்கு முழம் போடத் தொடங்கிவிட்டார். மதுரையில் சத்திரத்துக்கா பஞ்சம்? விளக்குத்தூண் பக்கம் போகச் சொன்னார் ஒருவர். தையல்காரர்கள் தொழிலையே விட்டுவிட்டதாக உறுதியாகச் சொன்னார் இன்னொருவர். கைப்பேசி வரைபடத்தில் புதுமண்டபத் தையல்காரர் என்று தேடியபோது, அது என்னை மறுபடியும் அதே மண்டப வாசலுக்கே அனுப்பியது. கீழ ஆவணி மூல வீதியில் பதினொன்றரை மணி வெயிலில் ஒரு ஜிகர்தண்டாக் கடை நிழலில் நின்றபோது, தொழிலை விட்டுவிட்டார்கள் என்ற சொல்லை நான் பாதி நம்பிவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனைதான் மிச்சமிருந்தது.

சிங்கப்பூரில் நாங்கள் காய்கறியும் ஆட்டுக்கறியும் வாங்கும் தேக்கா சந்தை 2023-இல் பழுதுபார்ப்புக்காக மூன்று மாதம் மூடப்பட்டது. மூடும் நாளும் திறக்கும் நாளும் எங்களுக்குப் பல வாரம் முன்பே தெரியும். கறிக்கடைக்காரர் அதுவரை எங்கே இருப்பார் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு பொட்டலத்தோடும் வைத்துக் கொடுத்தார். அந்தச் சந்தைக்கே இடம்மாறிய வரலாறு உண்டு. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையை 1982-இல் இடித்துவிட்டு, வியாபாரிகளை இப்போதைய கட்டடத்துக்கு மாற்றியபோது, அதற்கு ஜூஜியாவ் என்று சீன உச்சரிப்பில் ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் தேக்கா என்ற பெயரையே திரும்ப வைத்தார்கள். கட்டடத்தைப் புதுப்பிப்பவர்கள், அந்த இடத்தை மக்கள் எந்தச் சொல்லால் தேடுவார்கள் என்பதையும் பாதுகாக்க வேண்டும் என்று நான் அங்கேதான் கற்றேன்.

ஆனால் அதே சிங்கப்பூரில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். எண்பது ஆண்டுக்கும் மேலாக நடந்துவந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மாற்றிடமாக இன்னொரு தெருச் சந்தை தரப்படவில்லை. பழைய கைக்கடிகாரங்களை விரித்து உட்கார்ந்திருந்த முதியவர்களில் எத்தனை பேர் பிறகு வேறெங்கும் கடை போட்டார்களோ. அந்த நினைவு வந்ததும் என் கோபம் சற்றுத் தணிந்தது. மதுரையில் இவர்களை ஊருக்கு வெளியே தூக்கிப் போடவில்லை. நடந்து போகும் தொலைவில், கோவிலைச் சுற்றிய அதே தெருக்களுக்குள்ளேயே, குன்னத்தூர் சத்திரம் என்ற பழைய இடத்தில் புதிதாகக் கட்டிய மாடிக் கட்டடத்தில் கடை கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெயரை எனக்குச் சொன்னவர் ஜிகர்தண்டாக் கடையில் கண்ணாடித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த பையன். அவன் தங்கைக்குப் பாவாடை அங்கேதான் தைத்தார்களாம்.

சத்திரத்தின் முதல் படியில் கால் வைக்கும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் கண்ணில் பட்ட தையல்காரரிடம் சட்டையை நீட்டி, இதைப் போலத் தைக்க வேண்டும் என்றேன். அவர் அளவு எடுக்கவில்லை. எத்தனை நாளில் வேண்டும் என்றும் கேட்கவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டினார். அக்குளுக்குக் கீழே துணி சேரும் இடத்தைக் கட்டை விரலால் தடவினார். அங்கே வெல்வெட்டின் ஓரம் பிரியாமல் இருக்க, உள்ளே ஒரு மெல்லிய பருத்திப் பட்டி வைத்து, அதன் மேல் இரண்டு ஓட்டுத் தையல் போட்டிருந்தது. ஜரிகையை ஒட்டாமல் கையால் குத்தியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சட்டை எங்கள் பீரோவில் இருக்கிறது. எங்களில் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை.

"இது நம்ம கை இல்லண்ணே. இப்படி உள்பட்டி வச்சு அடிக்கிறது கரும்பு யானைக்கு எதிர்த் தூண்ல இருந்தவரு. அவரு மேல இருக்காரு, போய்ப் பாருங்க" என்றார்.

கல் யானை கரும்பு தின்ற திருவிளையாடல் புதுமண்டபத்துத் தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தூண் இருக்கும் மண்டபத்தை விட்டு வெளியேறி, எண் எழுதிய கடைகளில் வந்து உட்கார்ந்த பிறகும், இவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் சொல்வது அந்தச் சிலைகளை வைத்துத்தான். மேலே ஏறிப் போய்க் கரும்பு யானைக்காரர் எங்கே என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையைக் கையில் வாங்கியதும் கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தைப் பார்த்தார். தான் தைத்ததுதான் என்றார். வியந்தது நான்தான். அவர் அதை ஒரு சாதாரண விஷயமாகத்தான் சொன்னார். அப்போதைய வெல்வெட் இப்போது வருவதில்லை என்றும், இப்போது வருவது தண்ணீர் பட்டால் சாயம் விடும் என்றும், தண்ணீர் பீய்ச்சப் போகிறவனுக்கு அது ஆகாது என்றும் சொல்லி, இரண்டு துணிகளை எடுத்து ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துண்டில் அழுத்திக் காட்டினார். ஒன்று துண்டைச் சிவப்பாக்கியது. மற்றதை எடுத்துக்கொண்டோம். புது இடம் எப்படி என்று கேட்டேன். மழை ஒழுகாது, விளக்கு நன்றாக இருக்கிறது, பொருளை வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றார். பிறகு, கோவிலுக்கு வருகிறவர்கள் மண்டபத்தின் வழியாகப் போவார்கள், போகிற போக்கில் ஒரு ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், இங்கே தேடி வருகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்றார். பழைய வாடிக்கையாளர்கள் பலர் மண்டப வாசலோடு திரும்பிப் போயிருப்பார்கள் என்று அவர் சொன்னபோது, ஒரு மணி நேரத்துக்கு முன்பு நானும் திரும்பிப் போகவிருந்தேன் என்பதைச் சொன்னேன்.

இந்த ஊருக்கு நடுப்பகுதியை மாற்றிக் கட்டுவது புதிதில்லை. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதுதான் வெளி வீதிகளும், அவற்றுக்கு உள்ளே இரண்டு தெருக்களும் உண்டாயின. அந்த இரண்டில் ஒன்று, நில அளவை செய்த மாரெட்டின் பெயரில் மாரட் வீதி. மற்றது, வேலையை நடத்திய மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டரின் நினைவாக எழுப்பியதுதான் விளக்குத்தூண். மண் சுமந்தவர்களோடு நின்று வேலை வாங்கிய ஒரு மேஸ்திரியின் பெயரை ஏறத்தாழ 180 ஆண்டுகளாகத் தினமும் ஆட்டோக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கம் உள்ள ஊரில், தலைமுறைகளாக ஒரு கல் மண்டபத்தில் உட்கார்ந்து ஊருக்கே துணி தைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் அந்த மண்டப வாசலில் இருப்பது பெரிய கோரிக்கையா? எந்தத் தூணில் யார் இருந்தார், இப்போது எந்த மாடியில் எந்த எண்ணில் இருக்கிறார் என்று ஒரு பலகை போதும். கல்லிலேயே வெட்டி வைத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

2016 செப்டம்பரில் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகு நடந்த மற்ற வேலைகளைப் பற்றி உறவினர்கள் கேட்கிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் எனக்கு வேறு ஊராகத்தான் தெரிந்தது, ஆனால் அங்கிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக மேலக் கோபுரத்தை நோக்கி நடக்கும்போது ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது. வாகனம் வராத சித்திரை வீதியில் மாலை ஆறு மணிக்கு அம்மாவின் கையைப் பிடித்து நான்கு பக்கமும் நடந்து வந்தோம். சிங்கப்பூரின் ஆர்ச்சர்டு சாலையில் அந்த அகலத்தில் நடைபாதை உண்டு, ஆனால் அங்கே தரையில் உட்கார்ந்து கடலை தின்ன முடியாது.

உடை இரண்டாம் நாள் மாலையே தயாராகிவிட்டது. அண்ணன் மகன் போட்டுப் பார்த்தபோது மதினி அவனைத் திரும்பச் சொல்லி, அக்குளுக்குக் கீழே உள்பட்டி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பெரியவர் ஒரு துண்டுச் சீட்டில் மாடியையும் கடை எண்ணையும் எழுதித் தந்து, சிங்கப்பூரில் நம் ஊர்க்காரர்கள் கேட்டால் கொடுங்கள் என்றார். அதன் கீழே, நான் கேட்காமலேயே, "கரும்பு யானை எதிரில் இருந்த கடை" என்று எழுதிக் கோடிட்டிருந்தார். ஆகவே, சித்திரைக்கு உடை தைக்கப் போகிறவர்கள் மண்டபத்தோடு திரும்பிவிட வேண்டாம். குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்ப் படியேறுங்கள். உங்கள் வீட்டுப் பழைய துணி ஒன்றை மறக்காமல் கொண்டு போங்கள். எந்தச் சிலைக்குப் பக்கத்தில் தைத்தீர்கள் என்பது நினைவிருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். கை காட்டுவார்கள்.