சிறந்த நடிகை யார்: ராதிகாவா, ரம்யா கிருஷ்ணனா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பெண்கள் கூடினால் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

இருவருக்குமே 1999 பெரிய ஆண்டு. 'படையப்பா'வில் நீலாம்பரியாக, கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ரஜினிக்கு ஒரு நாற்காலிகூடக் கொடுக்காமல் நிற்க வைத்தார் ரம்யா. ரஜினி துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி உட்காரும்போது ரம்யாவின் முகத்தைப் பாருங்கள்: கோபத்துக்கு நடுவிலும் ஆசை தெரியும். வில்லியை இப்படி ரசிக்க வைப்பது லேசான வேலை இல்லை. அதே மிடுக்குத்தான் 2015இல் 'பாகுபலி' சிவகாமியிடமும்.

ராதிகா 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலியாக வந்தவர். 1999இல் 'சித்தி' தொலைக்காட்சி நாடகம். எங்கள் மாமிமாருக்கு அவர் இன்றைக்கும் சித்திதான். நடித்ததோடு விடவில்லை, சொந்த ராடான் நிறுவனத்தில் தயாரித்தார். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி' என்று நாடகங்கள் தொடர்ந்தன.

ரம்யாவும் 'தங்கம்', 'வம்சம்' நாடகங்களில் நடித்தார், சரி. ஆனால் அவருக்குப் பெரிய திரைதான் பொருத்தம்.

ஒருவரைத்தான் சொல்லவேண்டுமென்றால், என் தெரிவு ராதிகா. கதாநாயகி வாய்ப்புக் குறையும் வயதில், தனக்கான வேடத்தைத் தானே தயாரித்துக்கொண்டவர் அவர்.