10,000 டாலர் கோடைத் திட்டமா, முழுநேர நிதியா?

சமூக மாற்றத்துக்கான யோசனையோடு நிற்கும் இளைஞருக்கு அமெரிக்காவில் இரண்டு வாசல்கள் முக்கியமானவை.

அமெரிக்கக் கொடையாளர் கேத்ரின் டேவிஸ் தமது நூறாவது பிறந்தநாளையொட்டி 2007இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்', இந்தத் திட்டத்தோடு இணைந்த கல்லூரிகளின் இளநிலை மாணவர்களுக்கு 10,000 டாலர் மானியம் தருகிறது. கோடை விடுமுறையில் உலகின் எந்த ஊரிலும் திட்டத்தைச் செய்து பார்க்கலாம்.

1987இல் பிறந்த 'எக்கோயிங் கிரீன்' என்ற அமைப்பு, திட்டத்தைவிட ஆளை நம்புகிறது. வேறு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இறங்க, வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்துப் பணம், வழிகாட்டுதல், இதே நிதி பெறும் மற்றவர்களின் தொடர்பு எல்லாம் கிடைக்கும். இளைஞர்களைப் பள்ளிகளில் பணியாற்ற அனுப்பும் 'சிட்டி இயர்', 'டீச் ஃபார் அமெரிக்கா' இரண்டும் தொடக்கத்தில் இதன் ஆதரவைப் பெற்றவை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தாலும் சில டஜன் பேருக்கே இடம்.

யோசனை இன்னும் களத்தைப் பார்க்கவில்லை என்றால் நான் முதலாவதையே சொல்வேன். தோற்றாலும் போவது ஒரு கோடைதான், கற்பதோ ஏராளம். அதன் பலவீனம் ஆகஸ்ட் மாதத்தில் தெரியும். மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார், அவர் தொடங்கிய கற்றல் மையமோ தோட்டமோ அந்த ஊரிலேயே இருக்கும். அதை ஏற்று நடத்த உள்ளூரில் யார் என்று விண்ணப்பத்திலேயே எழுத முடியாதவர், பணம் கேட்கும் முன் அந்த ஊருக்கு ஒருமுறை போய் வருவது நல்லது.