வெட்பாலைத் தைலம்: அரிப்பு தணிந்தது, கறை தங்கியது

மழைக்காலம் தொடங்கினாலே முழங்கை மடிப்பில் தடித்துச் சிவந்து அரிக்கும் என் தோலுக்காக, நாட்டு மருந்துக் கடையில் 100 மில்லி வெட்பாலைத் தைலம் வாங்கி, மூன்று வாரங்களாக இரவில் தடவி வருகிறேன். வெட்பாலை இலைகளைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய் கருஊதா நிறம் ஏறும்வரை வெயிலில் வைத்து எடுக்கும் இத்தைலத்தைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை எனும் சொரியாசிஸ் தோல் நோய்க்குப் பரிந்துரைப்பது வழக்கம். முதல் வாரத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு வறட்சி தணிந்து, நள்ளிரவில் சொறிந்துகொண்டே விழிக்கும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. இதில் இலையின் பங்கு எவ்வளவு, வெறும் தேங்காய் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. வெள்ளைப் படுக்கை விரிப்பில் படிந்த ஊதாத் திட்டோ இரண்டு சலவைக்குப் பின்னும் போகவில்லை. எளிதில் சிவக்கும் தோல் உடையோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். நீர் கசியும் புண்ணின்மேல் தடவக் கூடாது.